தலைக்கணக்கும் வளையக்கணக்கும்

யான் சந்தி விதியொன்றைப் பிழைபடக் கற்பித்த ஆண்டில், வகுப்பிலிருந்த நாற்பதின்மர் கட்டுரைகளிலும் அப்பிழையே தோன்றிற்று. பிழைத்தவர் நாற்பதின்மரா, அன்றி ஆசிரியர் ஒருவரா? நோய்த்தடுப்பு முறைகளை ஊர் ஊராகவோ குழுக் குழுவாகவோ அளித்து ஆராய்வோர் முன்னும் இவ்வினாவே நிற்கின்றது.

மேற்கு ஆபிரிக்காவிலே எபோலா நோய் பரவிய காலத்தில், 2015 ஏப்பிரல் முதலாகக் கினி நாட்டில் நடந்த தடுப்புமருந்துப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஒருவர்க்கு நோய் உறுதியானதும், அவரோடு பழகினோரும், அவ்வாறு பழகினோரோடு பழகினோரும் ஒரு வளையமாகக் கொள்ளப்பட்டனர். பெரியம்மையை ஒழித்த காலத்தில் கையாண்ட முறையைத் தழுவியது இது. வளையம் முழுவதையும் ஓரலகாக வைத்து, எழுமாற்றாகச் சிலவற்றுக்கு உடனேயும், ஏனையவற்றுக்கு 21 நாள் கழித்தும் மருந்தேற்றினர். நோய் உட்புகுந்து வெளிப்படுதற்கு ஆகும் மேலெல்லை 21 நாளாகும். மருந்தே இல்லையென்று ஒரு வளையத்தையும் விலக்கவில்லை. ஆயினும், அயலூரார் இன்று பெறத் தாம் மூன்று கிழமை காத்திருப்போர் மனநிலையை எண்ணிப் பார்க்க!

யூலையில் இடைக்கணக்குப் பார்த்தபோது 90 வளையங்களில் 7,651 பேர் இருந்தனர். மருந்து வலுப்பெற நாள் வேண்டுமாதலின், பத்து நாளின் பின் தோன்றிய நோயே கணக்கிற் கொள்ளப்பட்டது. உடனே பெற்ற 48 வளையங்களில் மருந்தேற்றிக்கொண்டோருள் ஒருவர்க்கும் நோயில்லை. தாமதித்த 42 வளையங்களில் 16 பேர் நோயுற்றனர். அப்பதினாறு பேரும் ஏழே வளையங்களைச் சேர்ந்தோர். ஒரே வீட்டில் உண்டோரும், ஒரே பிணத்தைக் கழுவி அடக்கினோரும் ஒருங்கே நோயுறுவராதலின், இவை 16 தனிச் சான்றுகள் ஆகா.

இதற்கொரு வாய்பாடு உண்டு. உதாரணமாக, வளையத்துக்கு 81 பேர் என்றும், ஒரு வளையத்தார் தம்முள் ஒத்திருக்கும் அளவு 0.05 என்றும் வைத்துக்கொள்க. தம்மை நீக்கி எஞ்சிய 80 பேரை 0.05 ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்ட, 5 வரும். ஐவர் தரும் சான்று ஒருவர் தரும் சான்றளவே. ஆகவே திட்டமிடுவோர் பெருக்கவேண்டியது வளையங்களின் தொகையையே. வளையத்துள் தலைகளைக் கூட்டிப் பயன் சிறிது.

இடைக்கணக்குப் பார்ப்பது தொடக்கத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. விளைவைக் கண்டபின் விதி வகுப்பது, விடைத்தாள்களைப் படித்தபின் புள்ளித்திட்டம் எழுதுவதை ஒக்கும். யூலை 26 இல் தாமதம் கைவிடப்பட்டது. பின்வந்த 19 வளையங்களும் உடனே மருந்து பெற்றன. ஆறு வயது முதலான சிறுவரும் சேர்க்கப்பட்டனர். ஒப்பிடுதற்குக் காத்திருக்கும் வளையம் இல்லாமையால், அவற்றின் கணக்கு முன்னையதன் வலுவுடையதன்று. அவ்விழப்பைக் குறைகூறுவோர் உளர்; யான் அவருள் ஒருவனல்லேன்.