ஜான் டன்னின் மதிநுட்பமும் மெய்யறிவும்: கவராயம் முதல் சாவுமணி வரை

ஆங்கில மெய்ப்பொருளியற் கவிஞருள் தலைமையானவராக எண்ணப்படுபவர் ஜான் டன் (1572-1631). அவர்தம் கவித்திறம் 'விட்' என்னும் சொல்லால் சுட்டப்பெறும். இதனை 'நகைச்சுவை' எனத் தமிழாக்கின் டன்னின் பெரும்பகுதி கைநழுவிவிடும். பதினேழாம் நூற்றாண்டு வழக்கில் அச்சொல் அறிவின் கூர்மையையும், தொலைவிலுள்ள பொருள்களுக்கிடையே உறவு காணும் ஆற்றலையும் குறித்தது. எனவே 'மதிநுட்பம்' என்பதே இங்குக் கொள்ளப்படுகிறது. இம்மதிநுட்பம் மெய்யறிவின்மேல் பூட்டிய அணியன்று. மெய்யறிவை எட்டுதற்கு அவர் கைக்கொண்ட வழி என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சாமுவேல் ஜான்சன் 1779இல் கௌலியின் வாழ்க்கையை எழுதுங்கால், இக்கவிஞர்கள் தொடர்பற்ற எண்ணங்களை வலிந்து பிணைத்தனர் என்றும் உள்ளத்தை உருக்கத் தவறினர் என்றும் குறைகூறினார். 1921இல் டி. எஸ். எலியட், இவர்களிடம் சிந்தனையும் உணர்வும் பிரியாதிருந்தன என்றார். எலியட்டின் கூற்று எடுத்தாளப்பட்டே தேய்ந்துவிட்டது. ஜான்சனின் குற்றச்சாட்டிற்கோ கவிதைக்குள் புகுந்தே விடை காணல் வேண்டும்.

அதற்கு உகந்தது, பிரிந்து செல்வோன் தன் துணைவியை அழாதிருக்கத் தேற்றும் பிரியாவிடைப் பாடல். 1611இல் பிரான்சு செல்லுங்கால் மனைவி ஆனுக்கு எழுதியது என்பர் ஐசக் வால்டன். அச்செய்தியை ஏற்காவிடினும் பாடலின் பொருள் சிதையாது. இதில் காதலர் இருவரும் கவராயத்தின் இரு கால்களாகின்றனர். தொல்காப்பியர் உவமைக்குக் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள், மெய்யாலும் உருவாலும் கவராயம் காதலர்க்கு ஒப்பாவதில்லை. வினையே ஒக்கிறது. நடுவில் ஊன்றிய கால் இடம்பெயர்வதில்லை. ஆயினும் மற்றது அகலுந்தோறும் அதன்பால் சாய்கிறது. அது மீண்டு நெருங்குங்கால் நிமிர்கிறது. இது கருவியின் இயல்பான இயக்கம். கவிஞர் வலிந்து ஏற்றியதன்று.

இங்கு நின்று நோக்கத்தக்க சிக்கல் ஒன்றுண்டு. வட்டம் வரையும் கால் தொடங்கிய புள்ளியை அடையுமேயன்றி நடுக்காலை அடையாது. நடுக்காலோடு வந்து சேரும் காலோ வட்டம் வரையாது. டன் இவ்விரு இயக்கங்களையும் ஒரே உவமையில் ஏற்றுகிறார். தருக்கப் பிழை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் பிரிந்து செல்வோனுக்கு இரண்டும் வேண்டும்: பிறழாது முற்றுப்பெறும் பயணமும் வேண்டும், மீண்டு கூடுதலும் வேண்டும். ஒன்று மற்றொன்றை உறுதி செய்வதில்லை. தேற்றுவோன் குரலுக்கு அடியில் தேறாத நெஞ்சு ஒன்று இருப்பதை இவ்விடைவெளியே காட்டிக்கொடுக்கிறது. ஜான்சன் காணாத உணர்ச்சி ஒப்புமையின் இந்த விரிசலில்தான் உள்ளது.

எல்லாப் பாடல்களும் இவ்வுயரத்தன அல்ல. தெள்ளுப்பூச்சியின் உடலில் இருவர் குருதியும் கலந்தமை காட்டிப் பெண்ணை இசைவிக்க முயலும் பாடலில் வாதத்திறமே மிஞ்சுகிறது. அவள் பூச்சியை நசுக்கியதும் பேசுவோன் வாதத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறான். எப்பக்கமும் வாதிடவல்ல அறிவு எப்பக்கமும் நிற்பதில்லை.

அவ்வறிவு தன்மீதே திரும்பும் இடம் 1624இல் வெளிவந்த உரைநடைத் தியானங்கள். டன் 1621 முதல் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர். 1623இன் இறுதியில் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். படுக்கையிலிருந்து பிறர் ஒருவர்க்கு அடிக்கும் சாவுமணியைக் கேட்கிறார். பதினேழாம் தியானத்தில் மாந்தரினம் ஒரே நூலாகவும், இறப்பு அந்நூலின் மொழிபெயர்ப்பாகவும் உருவகிக்கப்படுகின்றன. எவரும் தனித்த தீவல்லர் என்னும் பெயர்பெற்ற கருத்தும் இங்கேயே வருகிறது. மேற்கோளாக அதனைத் தனியே பிரித்தெடுப்போர், தியானத்தின் தொடக்கத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பொதுவான அன்பு பற்றிய அறிவுரையாக அது தொடங்கவில்லை. தன் நோயின் அளவைத் தான் அறியாத நோயாளி, தன்னைச் சூழ்ந்து நிற்போர் தன் நிலை கண்டு தனக்காகவே அம்மணியை அடிக்கச் செய்தனரோ என ஐயுறுவதில் தொடங்குகிறது.