ஈரக் காற்றுக்கு ஏற்ற போட்டோத் தாள்

கேள்வி: தாத்தா பாட்டியின் பழைய படத்தை ஸ்கேன் செய்து, வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டுச் சட்டமிட வேண்டும். எந்தத் தாள் வாங்கலாம்?
– வாசகி, வட்டகொடை

பதில்: முதலில் மையைப் பாருங்கள். டை மை என்றால், ரெசின் பூசிய 240 முதல் 260 ஜிஎஸ்எம் மைக்ரோபோரஸ் தாள் வாங்குங்கள். இருபுறமும் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் மலையக ஈரத்தில் எளிதில் சுருளாது. மையும் விரைவில் காயும். மலிவான காஸ்ட் கோட்டட் தாளில் அந்தக் காப்பு இல்லை. பிக்மென்ட் மைக்கு மேட் தாள் நல்லது.

பிரிண்டர் செட்டிங்கில் தாள் வகையைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். டை மை காற்றுப்பட்டால் மங்கும். ஆகவே ஒரு நாள் காயவிட்டுக் கண்ணாடிச் சட்டமிடுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டாதிருக்க, ஓரங்களில் அட்டை வையுங்கள். மீதித் தாளைக் காற்றுப் புகாத டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். பேரப்பிள்ளைகளும் பார்க்க வேண்டிய முகங்கள் அவை. நல்ல தாளுக்குச் செலவிடத் தயங்காதீர்கள்.