கதைமாந்தர் பேசும் தமிழ்

நுழையும்முன்

கதைமாந்தர் ஒருவர் பேசத் தொடங்கியதும் அவருடைய ஊர், தொழில், எதிரில் நிற்பவரோடு அவருக்குள்ள உறவு ஆகியன புலப்பட்டுவிடுகின்றன. பல பக்கங்களில் விளக்க வேண்டியதை ஓர் உரையாடல் சுருங்க உணர்த்துகிறது. அவ்வாற்றலை விளக்குவது இப்பாடம்.

ஒரு வினா, மூன்று வடிவம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை, அடிவாரத்தைக் கடந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. அடிவாரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவரைக் கதைமாந்தராகக் கொள்வோம். அவர் ஊர்ப் பெரியவரிடம், "வண்டி எப்பங்க வரும்?" என்கிறார், தோழனிடம், "வண்டி எப்படா வரும்?" என்கிறார், அலுவலர் ஒருவரிடம், "பஸ் எப்ப வரும் சார்?" எனத் தயங்கிக் கேட்கிறார். வினா ஒன்றே. முதலாவதில் மரியாதையும் இரண்டாவதில் நெருக்கமும் தெரிகின்றன. மூன்றாவதில், தம் இயல்பான பேச்சு இகழப்படுமோ என்னும் அச்சம் மறைந்து நிற்கிறது. ஆசிரியர் அதனைத் தனியே கூற வேண்டுவதில்லை.

மரபும் புதினமும்

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வட்டாரச் சொல்லுக்கும் இலக்கியத்தில் இடமுண்டு என்பது இதனால் பெறப்படும்.

கொங்கு உழவர் வாழ்வைக் கூறும் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' புதினம் 1942இல் வெளிவந்தது. கணவனை இழந்த நாகம்மாள் குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அவ்வுரிமைக் குரல், அவள் அன்றாடம் பேசும் கொங்கு வழக்கில் ஒலிப்பதாலேயே உயிர்பெறுகிறது. கி. ராஜநாராயணனோ உரையாடலோடு நில்லாமல், கதை கூறும் நடையையே கரிசல் பேச்சில் அமைத்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார்.

எழுதுவோர் பொறுப்பு

சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுகின்றனர். அவர்கள் பேசுவது தமிழே. பெயரை மட்டும் கொண்டு அவர்கள் வாயில் மலையாளச் சொற்களை இடும் கதை பொய்யாகிவிடும். கற்றவருக்குச் செம்மையான தமிழையும், உழைப்பவருக்கு நகைப்பூட்டும் தமிழையும் வகுத்துக் கொடுக்கும் கதையும் அத்தகையதே. ஆகவே, எழுத விரும்புவோர் முதலில் செவிசாய்த்துக் கேட்கப் பழகுதல் வேண்டும். பிறர் பேச்சை உள்ளவாறு எழுதுதல் அவரை மதிக்கும் முறையாகும்.

கற்பவை கற்றபின்

ஒரே உதவியைப் பாட்டியிடமும் நண்பரிடமும் தலைமையாசிரியரிடமும் நீங்கள் எவ்வாறு கேட்பீர்கள்? மூன்று உரையாடல்களாக எழுதி, வேறுபாட்டுக்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.