காப்புரிமையும் கடவுச்சீட்டும்

நம்பிக்கை: எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் காப்புரிமை கொடுத்த நாடு அமெரிக்கா.

உண்மை: 1790 சட்டம் அப்படித்தான் இருந்தது. மூன்றே ஆண்டுகளில் மனம் மாறி, குடிமக்களுக்கு மட்டும் என்றார்கள். 1800-இல், இரண்டு ஆண்டு அங்கே குடியிருந்த வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொண்டார்கள். 1836-இல் கதவு எல்லோருக்கும் திறந்தது. வாசலில் கட்டண அட்டவணை தொங்கியது. அமெரிக்கருக்கு 30 டாலர், வெளிநாட்டவருக்கு 300, பிரிட்டிஷ் பிரஜைக்கு 500!

நம்பிக்கை: பிரிட்டன் அமெரிக்கர்களிடம் கூடுதலாகக் கறந்தது, அதற்குப் பதிலடிதான் அந்த 500.

உண்மை: லண்டனில் செலவு அதிகம்தான். இங்கிலாந்துக்கு மட்டுமே சுமார் 100 பவுண்டு. ஸ்காட்லாந்து, அயர்லாந்தையும் சேர்த்தால் 300-ஐத் தாண்டும். ஆனால் உள்ளூர்க்காரரும் அதே தொகையைத்தான் அழுதார். ஆள் பார்த்து வசூலித்தது வாஷிங்டன். 1861-இல்தான் அதைக் கைவிட்டார்கள், அதுவும் அமெரிக்கரிடம் பாகுபாடு காட்டாத நாட்டவருக்கு மட்டும்.

நம்பிக்கை: உள்நாட்டவர், வெளிநாட்டவர் சமம் என்ற 1883 பாரிஸ் உடன்படிக்கையோடு பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: ஆளைப் பார்ப்பது குறைந்தது, இடத்தைப் பார்ப்பது தொடர்ந்தது. ஒரே கண்டுபிடிப்புக்கு இருவர் போட்டியிட்டால், முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்பது அன்றைய அமெரிக்க வழக்கம். தேதியும் சாட்சிக் கையெழுத்தும் போட்ட ஆய்வகக் குறிப்பேடுதான் அதற்கு ஆதாரமாக இருந்தது. நியூஜெர்சியில் எழுதிய குறிப்பேடு செல்லுபடியானது. சுவிட்சர்லாந்தின் பாசலில் எழுதியது செல்லுபடியாகவில்லை. பாசலில் வேலை பார்த்தவர் அமெரிக்கராகவே இருந்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். ஆகவே இது கடவுச்சீட்டுப் பாகுபாடு இல்லை என்று வக்கீல்கள் வாதிடலாம். ஆனால் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்தானே! உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகளுக்கு இந்தத் தடை 1996-இல்தான் நீங்கியது.

நம்பிக்கை: மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பது ஊரறிந்தது என்று சொன்னதும் அமெரிக்கா அதற்குத் தந்திருந்த காப்புரிமையை ரத்து செய்துவிட்டது.

உண்மை: நம் பாட்டிமார் பூசி வந்தது, கண்டுபிடிப்பு புதிதல்ல என்பதற்கு அன்று அங்கே சட்டப்படி ஆதாரமே இல்லை. உள்நாட்டுப் பழக்கம் என்றால் பழக்கமே போதுமானதாக இருந்தது. வெளிநாட்டுப் பழக்கம் என்றால் அச்சில் காட்ட வேண்டியிருந்தது. அதனால் இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைத் தேடி எடுத்துச் சமர்ப்பித்த பிறகே, 1995-இல் தந்த காப்புரிமை 1997-இல் ரத்தானது. இந்த ஏற்பாடு மாறியது 2013 மார்ச் 16-இல். அதற்கு முன் விண்ணப்பித்தவற்றுக்குப் பழைய விதிதான். அவற்றில் சில 2033 வரை செல்லும்.