ரிச்மண்ட் வென்ற ஆண்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மெல்போர்ன் நகரத்தின் ரிச்மண்ட் கழகம், 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,00,021 பேர் கூடியிருக்க, அடிலெய்டு அணியை 108-க்கு 60 என்ற கணக்கில் வென்று, 1980-க்குப் பிறகு தன் கைக்கு எட்டாதிருந்த ஆஸ்திரேலியக் கால்பந்துப் பட்டத்தை மீட்டுக்கொண்டபோது, அந்த வெற்றிக்குக் காரணம் கற்பிக்கும் கதைகளும் உடனே பிறந்துவிட்டன. சாபம் நீங்கிற்று என்பது ஒரு கதை; டஸ்டின் மார்ட்டின் என்னும் ஒரே வீரரின் பராக்கிரமம் என்பது மற்றொன்று; ஒழுங்கற்ற ஓட்டமும் சொந்த ஊர் மைதானமும் சேர்ந்து கொடுத்த பரிசு என்பது பிற கழகத்தார் விரும்பிச் சொல்வது. மஞ்சளும் கருப்புமான அந்தச் சட்டையின்மீது நீங்காத பற்றுடைய எனக்கு இக்கதைகளுள் பெரும்பாலானவை மனவருத்தத்தையே தருகின்றன. ஏனெனில், ஓர் அணி தெரிந்து, திட்டமிட்டு, மாதக்கணக்கில் பழகிச் சாதித்த காரியத்தை அவை தெய்வச் செயலாகவும் தற்செயலாகவும் ஆக்கிவிடுகின்றன.

இந்த ஆட்டத்தைக் கண்டிராதவர்களின் பொருட்டு இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆடுகிறார்கள். பந்தை உதைக்கலாம், முஷ்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம், ஆனால் எறியக் கூடாது. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், அதற்கு ஆறு புள்ளி. பக்கக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே சென்றால் ஒரு புள்ளி. உதைத்த பந்து பதினைந்து மீட்டராவது பறந்து வர, அதை நிலத்தில் படாமல் பிடிப்பவருக்கு மார்க் என்ற உரிமை உண்டு. அவரை எவரும் தடுக்காமல் நின்று உதைக்க விட்டாக வேண்டும். ஆஃப்சைடு என்ற விதியே கிடையாது. ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் எவரும் எங்கும் நிற்கலாம். எவரை எங்கே நிறுத்துவது என்பதே இவ்வாட்டத்தின் யுக்தி அனைத்துக்கும் மூலம்.

“முப்பத்தேழு ஆண்டுச் சாபம் தீர்ந்தது.”

1982-இல் இறுதிப் போட்டியில் தோற்ற பிறகு, 1983 முதல் 2012 வரையுள்ள முப்பது பருவங்களில், ரிச்மண்ட் பருவ முடிவின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது 1995-லும் 2001-லும் மட்டுமே. இந்த வறட்சிக்குச் சாபத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. 1990-இல் கழகம் கடனில் மூழ்கி, தன்னைக் காத்துக்கொள்ள அபிமானிகளிடம் கையேந்திப் பத்து லட்சம் டாலர் திரட்ட வேண்டிய நிலையில் இருந்தது. பயிற்றுநர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். எந்த ஆட்டமுறையும் வேரூன்றுமுன்பே பிடுங்கப்பட்டது. பணமும் பொறுமையும் இல்லாத இடத்தில் பட்டம் வராதது இயல்பே அன்றி விசித்திரம் அல்ல. சாபம் என்று சொல்வதில் ஒருவித ஆறுதல் இருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் அந்த ஆறுதல், நிர்வாகத்தின் தவறுகளை யாரும் கேள்வி கேட்காதபடி செய்துவிடுகிறது.

“பயிற்றுநரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.”

இது எல்லாக் கழகத்து அபிமானிகளுக்கும் பொதுவான நம்பிக்கை. 2016-இன் முடிவில் ரிச்மண்டில் அது உச்சத்தை எட்டியிருந்தது. டேமியன் ஹார்ட்விக் 2010 முதல் பயிற்றுநர். அவர் காலத்தில் 2013, 2014, 2015 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்றை அடைந்த அணி, மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியிருந்தது. 2016-இலோ எட்டு வெற்றிகளுடன் பதின்மூன்றாம் இடத்துக்குச் சரிந்து, கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. நிர்வாகக் குழுவையே மாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டத்தார் கிளம்பினார்கள். தலைவராக இருந்த பெகி ஓ’நீல் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அதற்குப் பணியாமல் ஹார்ட்விக்கை வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றியிருந்தவற்றை மாற்றினார்கள்: நீல் பால்ம் கால்பந்துப் பிரிவின் பொறுப்பை ஏற்றார், பிளேக் கராசெல்லாவும் ஜஸ்டின் லெப்பிச்சும் துணைப் பயிற்றுநர்களாக வந்தார்கள், பிரெட் டெலீடியோவும் டைரோன் விக்கரியும் வேறு கழகங்களுக்குச் செல்ல, டியான் பிரெஸ்டியா, ஜோஷ் கேடி, டோபி நான்கெர்விஸ் ஆகியோர் சேர்ந்தார்கள். வீரர்கள் ஒவ்வொருவராகத் தோழர்களின் முன் எழுந்து நின்று, தம் வாழ்வில் தாம் போற்றும் ஒருவரையும், தாம் பட்ட துயரம் ஒன்றையும், தாம் பெற்ற மகிழ்ச்சி ஒன்றையும் எடுத்துச் சொல்லும் வழக்கம் தொடங்கியதும் அதை அடுத்து வந்த 2017-இல்தான். இதை அற்ப விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். கீழே நான் விவரிக்கப்போகும் ஆட்டமுறை, தனக்குப் பெயர் வராத வேலையைத் தோழனுக்காக இடைவிடாமல் செய்ய மனம் இசைந்தவர்களால் மட்டுமே ஆடக்கூடியது.

“உயரமான முன்வரிசை வீரர்கள் இல்லாமல் பட்டம் வெல்ல முடியாது, 2017 ஒரு விதிவிலக்கு.”

நான் மிகுந்த அக்கறையோடு மறுக்க விரும்புவது இந்த நம்பிக்கையைத்தான். முன்வரிசையில் நெடியவர்கள் இருவர் மூவரை நிறுத்தி, நீண்ட உதையை உயரத்தில் மார்க்காகப் பிடிக்கச் செய்வதே நெடுங்கால வழக்கமாக இருக்க, ரிச்மண்ட் ஜாக் ரீவோல்ட் என்னும் ஒரே நெடியவரை வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றி டான் பட்லர், ஜேசன் காஸ்டான்யா, டேனியல் ரியோலி என்னும் குள்ளமான விரைவோட்டக்காரர்களை நிறுத்தியது. பார்ப்பவருக்கு இது வறுமையின் அடையாளமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் நோக்கமே வேறு.

நீண்ட உதை ஒன்று ரீவோல்ட்டை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் தற்காப்பாளர்கள் இருவர் அவரோடு சேர்ந்து எழும்புகிறார்கள். அந்தப் பந்தை ரீவோல்ட் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எதிரி பிடித்துவிடக் கூடாது என்பது மட்டுமே அவருக்கு இட்ட பணி. தோளைக் கொடுத்துத் தடுக்கிறார். பந்து மூவர் கைகளிலும் பட்டுத் தரையில் விழுகிறது. விழுந்த பந்தைக் குனிந்து எடுக்கும் தற்காப்பாளர் நிமிர்வதற்குள், பட்லர் ஒரு பக்கமும் காஸ்டான்யா மறு பக்கமும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு கை, பந்து பிடித்த கையின்மேல் ஒரு கை. பந்தை அனுப்ப வாய்ப்பிருந்தும் அனுப்பாமல் பிடிபட்டால், நடுவரின் விசில் பிடித்தவருக்குச் சாதகமாக ஒலிக்கும். கோலுக்கு முப்பது மீட்டரில் ரிச்மண்டுக்கு ஃப்ரீ கிக். பிடிபடாமல் தப்பினாலும் அந்த மனிதர் அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறார். அந்த உதை போய்ச் சேருவது, முன்கூட்டியே மேலேறி வந்து நிற்கும் அலெக்ஸ் ரான்ஸ் கையிலோ டேவிட் ஆஸ்ட்பரி கையிலோதான். அவர்கள் அதை மீண்டும் முன்னே அனுப்ப, அதே நெருக்கடி மறுபடியும் தொடங்குகிறது. பந்தை வைத்திருப்பதில் அல்ல, பந்தை வைத்திருப்பவரை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்வதில் இந்த அணி தன் முழுச் சக்தியையும் செலவிட்டது. கோல்கள் அதன் பலனாகத் தாமே வந்தன.

கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டில் எல்லா அணிகளிலும் அதிகமான புள்ளிகளைக் குவித்தது அடிலெய்டு. ஆறாவது சுற்றில் இதே ரிச்மண்டுக்கு எதிராக அவர்கள் 140 புள்ளி எடுத்து, 76 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். செப்டம்பரின் கடைசி நாளில் அதே முன்வரிசையால் அறுபதைத் தாண்ட முடியவில்லை. இறுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் ரிச்மண்டை எதிர்த்தவர்கள் எடுத்தவை முறையே 40, 67, 60. குள்ளர்கள் முன்வரிசையில் நின்று கோல் அடித்ததைக் காட்டிலும், தம் கோலுக்கு நூறு மீட்டருக்கு அப்பாலேயே எதிரியின் ஆட்டத்தை மூச்சுமுட்டச் செய்ததே பெரிய தொண்டு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுமா? இவ்விடத்தில் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன்: 1982-இல் தோற்ற ரிச்மண்ட் அணியில் ஆடி, தோற்ற பக்கத்தவராக இருந்தும் ஆட்ட நாயகருக்குரிய நார்ம் ஸ்மித் பதக்கத்தை வென்றவர் மாரிஸ் ரியோலி, அதே ரியோலி குடும்பத்துப் பிள்ளைதான் டேனியல். ரியோலி என்ற பெயரை அந்த மைதானம் மீண்டும் உரக்கச் சொன்னபோது பழைய அபிமானிகளின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

“அது முறையில்லாத, தாறுமாறான ஆட்டம்.”

தரையில் கிடக்கும் பந்தைக் குனிந்து எடுக்காமல் கையால் தட்டி முன்னே தள்ளுவதும், தெளிவாக எவரும் நில்லாத இடத்துக்கு உதைப்பதும், காண்பவர் கண்ணுக்கு அவசரமாகவே தோன்றும். உண்மையில் பந்து தட்டப்படும் திசையில் மஞ்சள் கோடிட்ட சட்டைகள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும். எதிரிக்குக் குழப்பம், தமக்கு ஒழுங்கு என்பதே ஏற்பாடு.

“டஸ்டின் மார்ட்டின் தனியாக வென்று கொடுத்தார்.”

மார்ட்டின் அந்த ஆண்டில் செய்ததைக் குறைத்துப் பேச எவருக்கும் துணிவு வராது. பருவத்தின் சிறந்த வீரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தை 36 வாக்குகளோடு பெற்றார். இறுதிப் போட்டியில் 29 முறை பந்தைக் கையாண்டு, இரண்டு கோல் அடித்து, நார்ம் ஸ்மித் பதக்கமும் பெற்றார். அவ்விரண்டையும் பட்டத்தோடு சேர்த்து ஒரே பருவத்தில் அடைந்த முதல் மனிதர் அவர். தம்மைப் பிடிக்க வருபவரின் மார்பில் ஒரு கையை நீட்டி நிறுத்திவிட்டு, மறு கையில் பந்தோடு அவர் விலகிப்போகும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. ஆயினும் அதே இறுதிப் போட்டியில், தமது ஐந்தாவது ஆட்டத்தை மட்டுமே ஆடிய, பத்தொன்பது வயதான ஜாக் கிரஹாம், அடிலெய்டின் முக்கிய வீரர் ரோரி ஸ்லோனைக் கட்டிப்போட்டதோடு மூன்று கோலும் அடித்தார். ஆண்டின் பெரும்பகுதியை இரண்டாம் நிலை அணியிலேயே கழித்து, அங்கே விக்டோரியக் கழகத் தொடரின் சிறந்த வீரருக்கான லிஸ்டன் கோப்பையை வென்ற ஜேக்கப் டவுன்செண்ட், பருவத்தின் கடைசியில் அழைக்கப்பட்டு வந்து இரண்டு கோல் அடித்தார். இவர்களைச் சொல்லாமல் மார்ட்டினை மட்டும் சொல்வது மார்ட்டினுக்கே பெருமை சேர்ப்பதாகாது.

“அதிருஷ்டம் கைகொடுத்தது.”

ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது சுற்றுகளில், மூன்று வாரங்கள் தொடர்ந்து, ரிச்மண்ட் ஐந்து, இரண்டு, மூன்று புள்ளி வித்தியாசங்களில் தோற்றது. ஃப்ரீமேண்டிலுக்கு எதிரான ஆட்டத்தைக் கடைசி நொடிகளில் டேவிட் மண்டியின் கோல் பறித்தது. இதை அதிருஷ்டம் என்பாரோடு வாதிட எனக்கு ஒன்றுமில்லை.

“மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் இல்லாவிட்டால் வென்றிருக்க முடியாது.”

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ரிச்மண்டின் பயிற்சித் திடலான பண்ட் சாலை மைதானத்திலிருந்து அந்தப் பெரிய அரங்கம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது; 2017-இன் மூன்று இறுதிச் சுற்று ஆட்டங்களும் அங்கேயே நடந்தன. அட்டவணையில் இரண்டாம் இடம் பெற்ற ஜீலாங், மூன்றாம் இடத்து ரிச்மண்டைத் தன் ஊரில் எதிர்கொள்ளும் சௌகரியத்தைப் பெறாமல், 95,000-க்கும் மேற்பட்ட ஜனங்களின் நடுவே, ரிச்மண்டுக்குப் பழகிய புல்தரையில் ஆட வேண்டியதாயிற்று. ஜீலாங் அபிமானிகளின் மனத்தாங்கல் நியாயமானதே. அடிலெய்டு அட்டவணையில் முதலிடம் பெற்றும், பட்டத்துக்காக வேறு மாநிலத்துக்குப் பயணம் செய்ய நேர்ந்ததும் அப்படியே.

ஆனால் மறு பாதியையும் சொல்ல வேண்டும். 2018-இல் ரிச்மண்ட் அட்டவணையில் முதலிடத்தோடு அதே அரங்கில் அரையிறுதி ஆடி, காலிங்வுட்டிடம் 39 புள்ளியில் தோற்றது. மைதானம் அன்றும் அங்கேதான் இருந்தது. 2020-இல் பெருந்தொற்றினால் இறுதிப் போட்டி பிரிஸ்பேனின் காபா மைதானத்துக்கு மாற்றப்பட, அங்கே அதே ஜீலாங்கை 31 புள்ளியில் வென்றது. அவற்றுக்கு இடையே, 2019-இல், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணியை 89 புள்ளியில் வென்று இன்னொரு பட்டமும் பெற்றிருந்தது.

அந்த 2019 பட்டமே கடைசி நம்பிக்கை ஒன்றையும் தீர்த்துவைக்கிறது. குள்ளர்களின் நெருக்கடி எல்லாம் சரி, பின்னால் ரான்ஸ் என்னும் ஒப்பற்ற தற்காப்பாளர் நின்றதால்தான் அந்த முறை பலித்தது என்று பலர் சொல்லி வந்தார்கள். நானும் அவரை அந்தத் தலைமுறையின் தலைசிறந்த தற்காப்பாளர் என்றே மதிக்கிறேன். 2019 பருவத்தின் முதல் சுற்றிலேயே அவருடைய முழங்கால் தசைநார் அறுந்து, ஆண்டு முழுவதும் ஆட முடியாமல் போயிற்று. அதன் பிறகு அவர் களத்துக்குத் திரும்பவே இல்லை. டிலன் கிரைம்ஸ் அந்த ஆண்டின் அகில ஆஸ்திரேலிய அணியில் இடம்பெறும் அளவுக்கு உயர, நிக் விளாஸ்டுவினும் ஆஸ்ட்பரியும் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்க, ரான்ஸ் விட்டுச் சென்ற இடத்தைத் தனி ஒருவராக அல்லாமல் வரிசையாகவே அவர்கள் நிரப்பினார்கள். எதிர்த்து வந்த அணி அந்த இறுதிப் போட்டி முழுவதிலும் அடித்த கோல்கள் மூன்று.