மலை ஏறும் மிதிவண்டி: ஒரு கணக்கு

(இயந்திரவியல் பிரிவு, இரண்டாம் ஆண்டு)



மிதிவண்டி நமக்குப் புதிதல்ல. முடிச்சூர், சேலையூர், பம்மல், பெருங்களத்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து நம்மில் பலர் அதில்தான் கல்லூரிக்கு வருகிறோம். பிளஸ் டூ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த என் போன்றவர்களுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிதான் இன்றும் வாகனம். அந்த வண்டிக்கு கியர் கிடையாது. அதை வைத்துக்கொண்டு மலை ஏற முடியுமா? ஏறினால் பத்திரமாக இறங்க முடியுமா? சென்ற பொங்கல் விடுமுறையில் நாங்கள் நால்வர் தாம்பரத்திலிருந்து ஏலகிரிக்குப் புறப்படும் முன் வகுப்பில் படித்த மெக்கானிக்ஸை வைத்துப் போட்ட கணக்கு இது. கியர் வண்டியை வாடகைக்கு எடுக்க நால்வரிடமும் காசு இல்லை என்பதால், கணக்கு சரியாக வந்தே தீரவேண்டிய நிலை!

ஏன் ஏலகிரி?

தமிழ்நாட்டில் மலைப்பாதைக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36. கொல்லிமலையில் 70! நீலகிரியில் 2008 முதல் மிதிவண்டிப் பயணமே நடத்தியிருக்கிறார்கள். ஏலகிரியில் 14 வளைவுகள்தான். பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரி என்று புலவர், வள்ளல் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். முதல் முயற்சிக்கு அதுவே போதும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏலகிரி கூம்பு போன்ற மலை அல்ல, மேலே சிற்றூர்களும் வயல்களும் கொண்ட பீடபூமி. ஒரு தடவை ஏறிவிட்டால் அத்தனாவூர், நிலாவூர் என்று நிதானமாக மிதித்துச் சுற்றலாம். அங்கே ஓடும் அட்டாறு பள்ளத்தாக்கில் இறங்கி, மலையின் மறுபக்கம் ஜலகாம்பாறை அருவியாக விழுகிறது.

ஏற்றத்தின் கணக்கு

மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். அடிவாரம் சுமார் 400 மீட்டர். கணக்குக்காக, 10 கி.மீ. பாதையில் 600 மீட்டர் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூறு மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம்.

ஆள் 55 கிலோ, வண்டி 20 கிலோ, மூட்டை 5 கிலோ, ஆக 80 கிலோ. பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பு விசை 80 × 9.8 × 0.06 = 47 நியூட்டன். டயர் உராய்வுக்கு 8 சேர்த்தால் 55 நியூட்டன். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 1.67 மீட்டரில் ஏறினால் தேவைப்படும் திறன் 92 வாட்.

இது நம்மால் முடியுமா? நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 55 கிலோ உள்ள ஒருவர் 10 மீட்டர் உயரப் படிக்கட்டை 50 வினாடியில் ஏறினால் அவர் செய்த திறன் 55 × 9.8 × 10 ÷ 50 = 108 வாட். ஒன்றரை மணி நேரம் விடாமல் செய்யப் பழக்கம் வேண்டும். அதற்காகத்தான் ஒரு மாதம் ஞாயிறுதோறும் பரங்கிமலைப் பாதையில் ஏறி இறங்கினோம்.

சிக்கல் பல் சக்கரத்தில்

திறன் போதுமென்றால் பிறகு ஏன் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள்? பதில் செயினில் இருக்கிறது. என் வண்டியில் பல்லை எண்ணினேன். முன் சக்கரத்தில் 44, பின்னால் ஃப்ரீவீலில் 18. விகிதம் 2.44. டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக, பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி 5.4 மீட்டர் நகரும். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் நிமிஷத்துக்கு 18, 19 சுற்றுத்தான் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் 55 × 5.4 = 297 ஜூல் வேலை. கிராங்கின் நீளம் 165 மி.மீ. என்பதால் பாதம் ஒரு சுற்றில் 1.04 மீட்டர் நகர்கிறது. எனவே பெடல் மேல் சராசரி விசை 286 நியூட்டன், கிட்டத்தட்ட 29 கிலோ எடை. இது சராசரிதான். கிராங்க் மேலும் கீழுமாக நிற்கும் நிலையில் விசை சரியாக விழாது. அதை ஈடுகட்ட, கிராங்க் படுக்கையாக வரும்போது ஏறக்குறைய உடம்பின் மொத்த எடையையும் போட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டும். தம் போவது இதனால்தான்.

ஃப்ரீவீலை 22 பல் உள்ளதாக மாற்றினால்? விகிதம் 2. ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர். சராசரி விசை 24 கிலோவாகக் குறைகிறது. கியர் வண்டியில் முன்னும் பின்னும் 28 பல் போட்டால் 12 கிலோதான். அதனால்தான் கியர் வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள்!

எதையும் சும்மா தரமாட்டாள் இயற்கை. 22 பல் போட்டால் சமதளத்தில் வேகம் குறையும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் 18 பல்லில் மணிக்கு 19 கி.மீ.க்கு மேல் வரும். 22 பல்லில் 16தான். படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர், வாணியம்பாடி வழியே ஏறத்தாழ 215 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம் கூடுதல். நேரம் போனால் போகட்டும், முழங்கால் முக்கியம் என்று நால்வரும் 22 பல்லுக்கு மாறினோம். செயினில் கண்ணி கூட்ட வேண்டும், மறக்காதீர்கள்.

டூர் தெ பிரான்ஸ் போட்டியிலேயே செயினைத் தாவவைக்கும் கியரை 1937-ல்தான் அனுமதித்தார்கள். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கப் பல்லில் ஏறினார்கள். 1923-ல் பம்பாயிலிருந்து கிளம்பிய ஆறு இளைஞர்களில் மூவர் மிதிவண்டியிலேயே உலகைச் சுற்றி 1928-ல் திரும்பினார்கள். நம் தமிழ்நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். ஆகவே சகோதரிகளே, இந்தக் கணக்கு உங்களுக்கும்தான்!

இறக்கம்தான் பரீட்சை

எங்கள் அப்பா கொத்தனார். இருபது வருஷமாக மிதிவண்டியில்தான் வேலைக்குப் போகிறார். கிளம்பும்போது அவர் சொன்னது: "ஏத்தத்தப் பத்திக் கவலப்படாதடா, முடியலன்னா தள்ளிக்கிட்டுப் போயிடலாம். எறக்கத்துல வேகத்தையே எடுக்காத. எடுத்தப்புறம் பிரேக்க நம்பாத."

கணக்கும் அதையேதான் சொல்கிறது. மேலே 80 கிலோவைக் கொண்டுபோனதில் சேர்ந்த ஆற்றல் 80 × 9.8 × 600 = 4,70,400 ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். இறங்கும்போது இதில் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாக மாறுகிறது. மணிக்கு 15 கி.மீ.யில் இறங்கினால் சுமார் 160 வாட், அதாவது நாலு 40 வாட் குண்டு பல்புகளை ரிம்மில் கட்டிவிட்ட மாதிரி. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், 20 கி.மீ. வேகத்தில் 1,235 ஜூலாக இருப்பது 40-ல் 4,938 ஆகிறது. வேகம் இரட்டித்தால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு. எதிரே வளைவில் பஸ் வந்தால் அந்தத் தூரம் நமக்குக் கிடைக்காது.

மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிட்டோம். ஆனாலும் எங்களில் ஒருவனுக்குப் பாதி வழியில் பின் ட்யூபில் இருந்த பழைய பஞ்சர் ஒட்டு சூட்டில் விட்டுக்கொண்டது. காற்று இறங்கி வண்டி தடுமாறியது. மெதுவாக வந்ததால் காலை ஊன்றி நின்றுவிட்டான். 30, 40-ல் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பதில் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

போகிறவர்கள் கவனிக்க

1. புறப்படும் முன் ஒட்டுப்போட்ட ட்யூபை மாற்றுங்கள். பிரேக் கட்டை நான்கும் புதிதாக இருக்கட்டும்.

2. இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும்.

3. ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

4. வளைவின் உட்புறம்தான் செங்குத்து அதிகம். அதற்குப் பயந்து வலப்பக்கம் போகாதீர்கள், இறங்கி இடப்பக்கமே தள்ளுங்கள்.

5. குறுகிய மலைப்பாதையில் ஏறும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இது சாலை விதி.

14 வளைவில் மூன்றில் இறங்கித் தள்ளினேன், மற்ற பதினொன்றையும் மிதித்தே ஏறினேன். அடுத்த திட்டம் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வர விரும்பும் நண்பர்கள் தங்கள் வண்டியின் பல்லை எண்ணிக்கொண்டு வந்து சொல்லுங்கள். மீதிக் கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.