திறன்பேசியும் சிதறும் கவனமும்

முன்னுரை

அறிவைப் பரப்பும் கருவிகள் மனிதனுக்குப் புதியன அல்ல. ஏட்டுச்சுவடி, அச்சு நூல், வானொலி, தொலைக்காட்சி என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஓரிடத்தில் இருந்தன. வேண்டும்போது நாம் அவற்றிடம் சென்றோம். திறன்பேசியோ நாம் வேண்டாதபோதும் நம்மை அழைக்கிறது. 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனும், 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியும் விற்பனைக்கு வந்தன. 2016இல் ஜியோ வந்தபின் இந்தியாவில் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. அதன்பின் இக்கருவி சிற்றூர் மாணவனின் சட்டைப்பையையும் அடைந்தது.

இதன் நன்மையை மறுப்பார் இல்லை. 2020இல் கொரோனாத் தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது கைபேசியே நமக்கு வகுப்பறை ஆயிற்று. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாள்தோறும் 2 ஜிபி இணையத் தரவை இலவசமாக வழங்கத் தமிழக அரசே முன்வந்தது. உதவித்தொகை விண்ணப்பமும் தேர்வு முடிவும் இன்று அதன்வழியே வருகின்றன. எனவே தூக்கி எறிந்துவிடு என்பது நமக்குப் பொருந்தாத அறிவுரை. அது நம் கவனத்தை எவ்வாறு துண்டாடுகிறது, அதனை எவ்வாறு காப்பது என்பனவே நாம் எண்ண வேண்டியவை.

கவனம் ஓர் அரிய பண்டம்

பொருளியலில் பற்றாக்குறை உள்ள பொருளுக்கே விலை உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1971ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையைச் சுட்டினார். செய்தி தன்னைப் பெறுவோரின் கவனத்தை உண்கிறது. ஆகவே செய்தி பெருகப் பெருகக் கவனம் அருகும் என்பது அவர் கருத்து. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவை நம்மிடம் காசு கேட்பதில்லை. விளம்பரமே அவற்றின் பெருவருவாய். விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு எது? நம்முடைய கவனமே!

அதனைப் பிடித்து வைக்கும் முறைகளும் நன்கு திட்டமிடப்பட்டவை. உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் நடத்தினார். எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்பது தெரியாத நிலையில் புறா ஓயாமல் கொத்தியது. புதிய செய்தி வந்திருக்குமோ, வந்திராதோ என்று நாம் திரையைத் தொட்டுப் பார்ப்பதும் இத்தகையதே. மேலும், நூலில் ஓர் இயல் முடிந்ததும் மனம் சற்று நிற்கும். மூடி வைக்கலாம் எனத் தோன்றும். 2006இல் ஆஸா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லாப் பக்கமுறையில் அந்த நிறுத்தம் இல்லை. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார்.

துண்டாகும் படிப்பு

‘ஒரு நிமிடம்தானே பார்த்தேன்’ என்று நாம் சொல்வதுண்டு. இழப்பு அந்த ஒரு நிமிடத்தோடு முடிவதில்லை. ஒரு பணியை முடிக்காமல் வேறொன்றுக்கு மாறினால், முன்னதன் எண்ணம் மனத்தில் எஞ்சி நின்று பின்னதன் திறத்தைக் குறைக்கிறது என்று சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தேவைக் கோட்பாட்டைப் படிக்கும்போது வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தவன் மீண்டும் நூலுக்குத் திரும்புகிறான். அவன் மனம் முழுதும் திரும்புவதில்லை.

2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியன் வார்டு முதலியோர் வெளியிட்ட ஆய்வும் கருதத்தக்கது. ஓசை அடக்கப்பட்ட கைபேசியை மேசைமேல் வைத்திருந்தோரைவிட, வேறு அறையில் விட்டுவந்தோர் அறிவுத்திறன் சோதனையில் சிறந்து விளங்கினர். பின்வந்த சில ஆய்வுகளில் இதே முடிவு கிட்டவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். எனினும் செய்து பார்ப்பதற்குச் செலவில்லாத சோதனை இது.

உறவும் உள்ளமும்

திறன்பேசி மனநலத்தை அழித்துவிட்டது என்று முழங்குவோர் உளர். சான்றுகள் அவ்வளவு எளிதாக இல்லை. 2019இல் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்தனர். அவர்களிடையே காணப்பட்ட மனநல வேறுபாட்டில் மின்னணுக் கருவிப் பயன்பாடு விளக்குவது 0.4 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்றனர்.

ஆயினும் மற்றொரு முடிவும் உண்டு. 2018இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 143 இளங்கலை மாணவர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் மூன்று வாரங்கள் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளொன்றுக்குப் பத்து நிமிட அளவில் நிறுத்திக்கொண்டனர். அவர்களிடம் தனிமையுணர்வும், முன்பே மனச்சோர்வு மிகுந்திருந்தோரிடம் அச்சோர்வும் குறைந்தன. இரண்டையும் சேர்த்து நோக்கினால், கருவியைத் தொடுவதே கேடு என்பது பொருந்தாது. அளவும் முறையும் முக்கியம் என்பது புலனாகும்.

உறவில் நேரும் இழப்புக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. விடுதி உணவுக்கூடத்தில் எதிரெதிரே அமர்ந்தும் குனிந்த தலையோடு உண்ணும் நண்பர்களைப் பார்த்தாலே போதும். வீட்டுக் கவலையைச் சொல்ல வந்தவன், கேட்பவன் கண் திரையில் இருப்பதைக் கண்டு சொல்லாமலே எழுந்து போகிறான். தொலைவில் இருப்பவரை அருகில் கொணர்ந்த கருவி, அருகில் இருப்பவரைத் தொலைவுக்கு அனுப்பிவிடலாகாது.

செய்யத்தக்கன

முதலாவதாக, படிக்கும் ஒரு மணி நேரம் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். விடுதியாயின் பெட்டிக்குள் இருக்கட்டும். இரண்டாவதாக, அழைப்பு தவிர்த்த பிற அறிவிப்பு ஒலிகளை அடக்கி வைக்கலாம். மூன்றாவதாக, உறங்குமுன் அதனைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் நலம். பழக்கம் மீறிப்போயின் உதவி நாடுவதில் இழிவில்லை. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் இதற்கெனவே 2014இல் ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416இல் மனநல ஆலோசனையை இலவசமாகப் பெறலாம்.

முடிவுரை

அரசுக் கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நிலமும் பணமும் நமக்குப் பின்னணியில் இல்லை. ஒரு நூலின் முன் அசையாமல் அமர்ந்து அதனை உள்வாங்கும் ஆற்றலே நாம் கொண்டுவந்த முதல். அதனைச் சில்லறையாக மாற்றிச் செலவிட்டுவிட்டால், மூன்றாண்டு முடிவில் பட்டம் கையில் இருக்கும்; கல்வி இராது. கைபேசி நம் கையில் இருக்கட்டும். நாம் அதன் கையில் இராதவாறு விழிப்போடு இருப்பது மாணவராகிய நம் கடமையாகும்.